அளவையும் அளந்து பார்த்தல்

மாணவ நண்பர்களே, அளவுகோலையும் அளந்து பார்த்தல் வேண்டும் என்று வகுப்பில் நான் சொல்லி வந்ததுண்டு. 1947-இல் பெல்க், சண்டர்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பித்தது. பென்சில்வேனியா மருத்துவமனைகளின் சோதனைச் சாலைகளுக்கு ஒரே வகை மாதிரிகளை அனுப்பினர். சர்க்கரை முதலியவற்றிற்கு வந்த விடைகளோ பெரிதும் மாறுபட்டன.

பிழையான எண்ணை நம்பி இன்சுலினை மிகுத்தால் நோயாளி மயங்கி வீழ்வார். குறைத்தால் நோய் முற்றும். ஆதலின், 1950-இல் லெவி, ஜென்னிங்ஸ் என்போர் சோதனைச் சாலைக்குக் கொணர்ந்த வரைபடத்தில், அளவு தெரிந்த மாதிரியின் விடையை இன்று நாள்தோறும் குறிக்கின்றனர். புள்ளி எல்லைக் கோட்டைக் கடந்தால், காரணம் காணும்வரை நோயாளியின் முடிவை வெளியிடார்.

கருவி செவ்வையாயினும், எடுத்த குருதியை அப்படியே வைத்திருந்தால், அதன் அணுக்கள் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை சர்க்கரையைச் செலவிட்டுவிடும். ஆகவே, கருவியோடு காலத்தையும் கருதுதல் வேண்டும்.