மனசுக்கும் காயம் படும்



2004 ஆம் ஆண்டு ஜூலை 16. நம் தஞ்சை மாவட்டம் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலியானார்கள். இறந்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. பிழைத்த பிள்ளைகளின் மனசு பட்ட பாட்டுக்கு?

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு, ஆபத்து போனாலும் மூளை காவல் காத்துக்கொண்டே இருக்கும். அதனால் தூக்கம் வராது. கெட்ட கனவு வரும். சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். சின்னப் பிள்ளைங்க படுக்கையை நனைப்பாங்க. சிலர் எரிஞ்சு விழுவாங்க, சிலர் பேசவே மாட்டாங்க. இது பைத்தியமும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. பெரும்பாலோருக்கு நாளாக நாளாகக் குறையும்.

சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளை வரைய விடுவது, விளையாட விடுவது, அவர்களாகப் பேசும்போது காது கொடுத்துக் கேட்பது, இவைதான் முதல் மருந்து. பள்ளிக்கூடமும் ஒரு மருந்துதான். மணி, பாடம், சாப்பாடு என்று தினமும் ஒரே மாதிரி நடந்தால் மனசுக்குத் தைரியம் வரும்.

எங்க தெருவுல ஆறாவது படிக்கிற ஒரு தம்பிக்கு அப்பா தவறிட்டாங்க. கருமாதிக்கு வந்தவங்க, "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அழக்கூடாது"ன்னு சொன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா பதினோரு வயசுப் பிள்ளை எங்கே போய் அழும்?

நாம் செய்யக்கூடியவை:

1. "எப்படி இறந்தாங்க?" என்று குடையக்கூடாது. பக்கத்தில் உட்காரலாம். விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுக்கலாம்.

2. இறந்தவரைப் பற்றி அவர்களே பேசினால் பேச்சை மாற்றக்கூடாது.

3. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகைக்காக "அப்பா இல்லாதவங்க எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் கேட்காமல், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

4. ஒரு மாசத்துக்கு மேலும் குறையாவிட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டலாம்.

5. "செத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அது ரகசியம் இல்லை. உடனே ஆசிரியரிடம் சொல்லணும். டெலி மானஸ் 14416, சைல்டு லைன் 1098 இரண்டும் இலவசம்.

கால் முறிஞ்சா மாவுக்கட்டு போட ஓடுறோம். மனசு முறிஞ்சா மட்டும் "தானா சரியாப் போயிடும்"னு விடலாமா? சிந்திப்போம்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி