நான்கு பகுதிகளுக்கு ஒரு மையம்

1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்ற புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒன்றையொன்று தொடாதவை. ஆனாலும் இவற்றின் மக்கள்தொகைக்கு ஒரே மையம் உண்டு. ஒவ்வொரு பகுதியின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அங்குள்ள மக்கள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் காரைக்காலில் 2,00,222 பேர், ஏனாமில் 55,626 பேர்தான். ஆனால் புதுச்சேரி நகரிலிருந்து காரைக்கால் தெற்கே இருக்கும் தொலைவைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு தொலைவு ஏனாம் வடக்கே தள்ளியிருப்பதால், காரைக்காலின் தெற்கு இழுப்பை அது ஈடுகட்டிவிடுகிறது. மையம் புதுச்சேரி நகருக்கு அருகிலேயே விழுகிறது. ஏனாமில் 100 பேர் கூடினால் அது ஏறத்தாழ 40 மீட்டர் வடக்கே நகரும்.

தொலைவில் உள்ள சிலருக்கு இவ்வளவு பலமா என்று கேட்பது நியாயமே. அனைவரின் பயணத் தொலைவும் சேர்ந்து மிகக் குறைவாகும் இடத்தைத் தேடினால், நான்கில் மூவர் வாழும் புதுச்சேரியை விட்டு அது அகலாது. அலுவலகம் கட்ட அந்த இடம் பொருந்தும். மக்கள் பெருக்கம் சாயும் திசையைக் கணக்கெடுப்புதோறும் காட்டுவது முதல் மையமே.