திரைப்படத் தொழிலாளரும் சங்க அமைப்பும்

திரைப்படத்தைக் கலையாக ஆராய்ந்தோர் பலர். உழைப்பின் விளைபொருளாக நோக்கியோர் சிலரே. எனினும் ஒளியமைப்பாளர், தச்சர், ஒப்பனையாளர், வாத்தியக் கலைஞர், துணைநடிகர் ஆகியோரின் உழைப்பின்றி எப்படமும் திரைக்கு வருவதில்லை. இவர்கள் எவ்வாறு அமைப்பாகத் திரண்டனர் என்பது ஆராயற்பாலது.

ஆலைத் தொழிலாளி தன் கோரிக்கையை முன்வைப்பதற்கு நிலையான முதலாளி உண்டு. திரைப்படத் தொழிலாளிக்கோ படத்துக்குப் படம் முதலாளி மாறுகின்றான். படப்பிடிப்பு நின்றால் நாட்கூலியும் நின்றுவிடும். ஆகவே ஓர் ஆலைக்கு ஒரு சங்கம் என்னும் வடிவம் இங்கு பொருந்தவில்லை. தொழிற்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கமும், அவற்றை இணைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமும் சென்னையிலே தோன்றின. இம்முயற்சியை வளர்த்தோருள் இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீநிவாசனும், வங்கத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் முதன்மையானோர். கோஷ் இயக்கி, ஸ்ரீநிவாசன் இசையமைத்த ‘பாதை தெரியுது பார்’ (1960) தொழிலாளர் வாழ்வையே பொருளாகக் கொண்டது. 1981இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திரைப்படத் தொழிலாளரை எழுத்துமூல ஒப்பந்தத்தின் பேரிலேயே அமர்த்த வேண்டுமென விதித்தது.

இச்சங்கங்கள் முற்காலக் கைவினைஞர் குழுக்களையும் ஒருவகையில் ஒத்தவை. உறுப்பினர் அட்டை உடையவர்க்கே வேலை என்னும் விதி, உள்ளிருப்போரின் கூலியைக் காக்கும். வெளியே நிற்போருக்குக் கதவை அடைக்கும். இம்முரண்பாடு 1997இல் வெளிப்பட்டது. சம்மேளனத்துக்கும், படைப்பாளிகள் என்ற பெயரில் தனியே திரண்டோருக்குமிடையே எழுந்த பிணக்கினால் படப்பிடிப்புகள் முடங்கின. யாரை வைத்து வேலை செய்விப்பது என்பதை முடிவுசெய்யும் உரிமை எவருடையது என்பதே அங்கு எழுந்த அடிப்படை வினா.

இலங்கையின் நிலை வேறு. முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ (1947) மதுரைக் கலையகத்தில் உருவானது. தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பு இந்நாட்டுச் சினிமாவின் தொடக்கத்திலேயே கலந்திருந்தது. ‘சமுதாயம்’ (1962) முதலான இலங்கைத் தமிழ்ப் படங்களோ நீண்ட இடைவெளிகளில் வந்தவை. தொடர்ச்சியான உற்பத்தியின்மையால், அத்தொழிலையே நம்பி வாழும் தொழிலாளர் கூட்டம் உருவாகவில்லை. 1983 வன்செயல்கள் எஞ்சியதையும் சிதைத்தன. எழுவர் சேர்ந்தாற் சங்கத்தைப் பதிவுசெய்ய இடமளிக்கும் சட்டம் இங்கு 1935 முதல் உண்டு. எனவே குறை சட்டத்தில் இல்லை. தொடர்ந்து உழைக்கும் வாய்ப்பு இன்மையிலேயே உள்ளது. அவ்வாய்ப்பு வளரும்வரை, கூலியற்ற உழைப்பைக் கலைத்தொண்டு எனப் போற்றும் வழக்கத்தையேனும் நாம் கைவிட வேண்டும். ஒரு சிறுபடத்துக்கும் எழுத்துமூல ஒப்பந்தம் கேட்பதே சங்கத்துக்கான முதற்படியாகும்.