கைக்கேற்ற பிடி



சடையங்குப்பம் என்னும் பெயரை உங்களுட் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வடக்கே, மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில், புழல் ஏரியின் உபரிநீர் கழிமுகத்தை நாடிச் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் அது. அங்கே நான் மரவேலை செய்து வாழ்பவன். இரும்பு வார்ப்பதற்கு வேண்டிய மரப் பேட்டர்ன்களைச் செய்து ஆலைகளுக்குக் கொடுப்பதே என் தொழில். ஒழிந்த வேளைகளில் உளிப்பிடி, வாய்ச்சிப்பிடி, துடுப்பு முதலியவற்றையும் செதுக்கித் தருவேன். இத்தகைய ஒருவன் ரிவால்வர் என்னும் சுழல்துப்பாக்கியின் பிடியைப் பற்றி உங்களிடம் பேச வந்ததற்குக் காரணம் ஓர் இளைஞர்.

அவர் எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பிரஸ் பொறியிலே அகப்பட்டு, வலக்கை நடுவிரலில் மேலிரண்டு கணுக்களையும் இழந்தவர். அதற்கு முன் நகரத்துத் துப்பாக்கிக் கழகம் ஒன்றில் 25 மீட்டர் குறிசுடும் போட்டிக்குப் பயின்றுவந்தார். காயம் ஆறிய பிறகு துப்பாக்கி அவர் கையில் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் கீழ்நோக்கி நழுவிற்று. ‘இடக்கைக்கு மாறிக்கொள்’ என்று பலர் அறிவுரை கூறினராம். அப்படி மாறியவரும் உண்டு. ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோய் தகாச் என்பவர் 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையை இழந்தார். இடக்கையாற் சுடக் கற்று, 1948-இல் இலண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். போற்றற்குரிய வரலாறுதான். ஆயினும் விரல் ஒன்று குறைந்தவரிடமெல்லாம் அதை ஒரு கட்டளைபோல் நீட்டுவது எனக்கு உடன்பாடன்று. விரல் குறைந்தால் அந்த அளவுக்கு மரத்தைக் கூட்டலாமே என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

பிடியின் அமைப்பை முதலிற் காண்போம். ரிவால்வரின் எஃகுச் சட்டம் கீழ்நோக்கி வளைந்து ஓர் எலும்புபோல் நிற்கும். அதன் இருபுறமும் இரண்டு மரத்தட்டுகள் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். அவ்வளவே. ஆலையிலிருந்து வரும் தட்டுகள் யாருடைய கைக்கும் ஓரளவு பொருந்தும். எவருடைய கைக்கும் முற்றும் பொருந்தா. விசைக்குப் பின்னாலுள்ள காப்பு வளையத்துக்கும் பிடியின் முன்பக்கத்துக்கும் நடுவே ஒரு குழிவு இருக்கிறது. நடுவிரல் அக்குழிவின்கீழ் நின்றுதான் துப்பாக்கியின் பாரத்தைத் தாங்குகிறது. எம் இளைஞரிடம் இல்லாமற்போனது அந்தத் தாங்குதூண்.

இனி, குழல் கைக்கு மேலே அமைந்திருக்கிறது அன்றோ? குண்டு பாயும்போது பின்னுதைப்பு கைக்கு மேலான கோட்டில் விழுவதால், துப்பாக்கியின் முனை எம்பும். கை எவ்வளவு உயரப் பற்றுகிறதோ அவ்வளவு அந்த எம்பல் குறையும். பிடி பருத்துவிட்டால் சுட்டுவிரல் விசையை எட்டாமல் பக்கவாட்டில் இழுக்கும். மெலிந்துவிட்டால் விரல் அளவு மீறி உள்ளே புகும். இரண்டிலும் குறி விலகும். எவ்வளவு விலகும் என்று கேட்கிறீர்களா? முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 150 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரு மி.மீ. பிசகினால், 25 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 167 மி.மீ. விலகிப் படும். நிதானக் குறிசுடுதலுக்குரிய இலக்கின் நடு வட்டமோ 50 மி.மீ. குறுக்களவுதான்! வடிவொத்த முக்கோணங்களைப் பள்ளியிற் கற்றவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு நிபந்தனை விதித்தேன். துப்பாக்கி என் பட்டறைக்கு வரலாகாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி அதை வைத்திருப்பது குற்றம். ஆகவே கழற்றிய பழைய தட்டுகளையும் அளவுகளையும் மட்டும் பெற்றுக்கொண்டு, சட்டத்தின் வடிவை மரத்திலேயே ஒரு பேட்டர்னாகச் செய்துகொண்டேன். இறுதிப் பொருத்தம் பார்ப்பதெல்லாம் கழகத்தில், பொறுப்பாளர் முன்னிலையில், உருளையில் தோட்டா இல்லை என்று இருவர் பார்த்த பின்னரே.

முதலிற் செய்த பிடி படுதோல்வி. ஒவ்வொரு விரலுக்கும் ஆழமான பள்ளம் தோண்டி, மெருகிட்டு, கண்ணாடிப் பேழையில் வைக்கத்தக்கதாய்ச் செய்திருந்தேன். கை வியர்த்தாலும் களைத்தாலும் விரல்கள் சற்று இடம் மாறும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பள்ளங்கள் விரல்களை முறுக்கின. அவர் பத்துமுறை சுட்டுவிட்டுப் பிடியை ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார்.

இரண்டாம் முறை மரத்தைத் தொடவில்லை. மர பேட்டர்னின்மேல் மெழுகுக் களிமண்ணை அப்பி, அவரை இறுகப் பற்றச் சொன்னேன். குறைவிரலின் முனை எங்கே முட்டுகிறது, உள்ளங்கையில் எங்கே வெற்றிடம் நிற்கிறது என்பதெல்லாம் அதில் எழுதியதுபோல் தெரிந்தன. காப்பு வளையத்தின் பின்குழிவை நிரப்பி, அக்குறைவிரல் அழுந்தி நிற்க ஒரு திண்டு விட்டேன். மோதிரவிரல் ஏற்கவேண்டிய பாரத்துக்காக அங்கே சற்றுப் பருமன் கூட்டினேன். கைக்கடியில் சிறு தாங்கியும் வைத்தேன். ஆனால் போட்டி விதிப்படி மணிக்கட்டு தடையின்றி விலகி நிற்க வேண்டும் என்பதால் அதை மேலும் நீட்டவில்லை.

மரம் ஈட்டி. மேலைநாட்டார் அக்ரூட் மரத்தை விரும்புவர். அது இலேசானது, உதைப்பில் பிளவாதது. என்னிடம் இருந்ததோ பழைய கட்டிற்கால் ஒன்றின் ஈட்டித்துண்டு; எங்கள் ஊரின் உப்புக்காற்றைப் பல மழைக்காலம் தின்று பதமானது. எஃகும் மரமும் இடைவெளியின்றி ஒட்ட ஒரு பழைய உத்தி உண்டு. எஃகின்மேல் விளக்குக்கரியை மெல்லப் பூசித் தட்டை அழுத்தி எடுத்தால், மரம் தடுக்கும் மேட்டில் மட்டும் கரி ஒட்டும். அந்த மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். இவ்வாறு நாற்பது முறைக்குமேல் ஆயிற்று. அது கான்பூரில் செய்யப்பட்ட .32 ரிவால்வர்; நடுவே மடிந்து திறப்பது. உருளை பக்கவாட்டில் வெளிவரும் வகையாயின், வெற்றுத் தோட்டாக்கள் விழ இடப்பக்கத் தட்டைக் குடைந்திருக்க வேண்டும்.

பிடி சரியா என்பதைக் கண்ணை மூடித்தான் சோதிக்க வேண்டும். கண்மூடிக் கையை உயர்த்தி இலக்கை நோக்கி நிறுத்தியபின் கண்ணைத் திறந்தால், முன்குறி பின்குறியின் நடுவே தானாக நிற்க வேண்டும். விலகியிருந்தால் ஒருபுறம் அரத்தால் தேய்த்து, மறுபுறம் எம்-சீல் அப்ப வேண்டும். அழகு கெடும்; கெடட்டும்.

இவ்வகைத் திருத்தம் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் படை முதல் உலகப்போரில் கனத்த .455 வெப்லியைக் கையாண்டது. அதன் உதைப்பை அடக்க நீண்ட பயிற்சி வேண்டியிருந்தமையால், 1932-இல் சிறிய .38 என்பீல்டை ஏற்றது. டாங்கிக்குள் சுத்தியின் கொம்பு எதிலேனும் மாட்டிக்கொண்டதால் 1938-இல் அக்கொம்பை நீக்கினார்கள். பிடித்தட்டில் பெருவிரல் படியப் பள்ளமும் அமைத்தார்கள். எங்கள் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்த என்பீல்டின் பெயரும் அந்தத் துப்பாக்கி ஆலை இருந்த ஊரின் பெயரே! நம் நாட்டில் 2014-இல் பெண்களுக்கென்று வெளியிடப்பட்ட ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டேனியத்தால் ஆனது. எடை ஏறத்தாழ 500 கிராம். எடை குறைந்தால் சுமப்பது எளிது. ஆனால் அதே தோட்டாவின் உதைப்பு கையில் மிகுதியாக உறைக்கும். அங்கே பிடியின் பொருத்தம் இன்னும் முதன்மை பெறுகிறது.

இளைஞர் அவ்வாண்டுத் தேர்வுப் போட்டியில் வெல்லவில்லை. ஆயினும் முப்பது குண்டுகளையும் வலக்கையாலேயே சுட்டு முடித்தார், துப்பாக்கி நழுவவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் மரம் சற்று ஊதும். அப்போது தட்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வருவார். நான் விளக்கை ஏற்றிக் கரி பிடிப்பேன்.