தூணின் கழுத்தில் இருக்கிறது உயிர்

புதிய அலுவலகக் கட்டடங்களிலும் வணிக வளாகங்களின் கார் நிறுத்தங்களிலும் அண்ணாந்து பார்த்தால் பல இடங்களில் பீம் கண்ணில் படாது. கான்கிரீட் சிலாப் நேராகத் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும். ஃபிளாட் சிலாப் எனப்படும் இந்த முறைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் சி.ஏ.பி. டர்னர் 1906 வாக்கில் இப்படி ஒரு கட்டடத்தை எழுப்பினார். சுவிட்சர்லாந்தில் ராபர்ட் மய்யார் தனியே சோதனைகள் நடத்தி, 1910இல் சூரிக்கில் ஒரு கிடங்கைக் கட்டினார். இருவருமே தூணின் தலையை மேலே போகப் போக விரியும்படி அமைத்தார்கள். டர்னரின் முறைக்குக் காளான் சிலாப் என்றே பெயர். அந்த விரிந்த தலைக்கு ஒரு வேலை இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள். பல கட்டடங்களில் எடுத்தே விட்டார்கள். பீம் இல்லாத தளத்தின் உயிர் தூணும் சிலாபும் சேரும் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. கட்டி முடித்து ஆள் குடியேறிய பின்னும் அதைக் காக்க வேண்டும். இதை நாம் போதிய அளவு உணரவில்லை என்பதே என் எண்ணம்.

பீம் உள்ள தளத்தில் பாரம் சிலாபிலிருந்து பீமுக்கும், பீமிலிருந்து தூணுக்கும் போகிறது. பீம் இல்லாவிட்டால், சுற்றியுள்ள மொத்தப் பாரமும் தூணின் விளிம்பை ஒட்டிய சிறு வளையத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த வளையம் தாங்காமல் போனால், விரல் அப்பளத்தைக் குத்தி வெளியே வருவதுபோல் தூண் சிலாபைத் துளைத்துக்கொண்டு நிற்கும். சிலாப் கீழே விழும். பொறியாளர்கள் இதைப் பஞ்சிங் ஷியர் என்பார்கள். பாரம் மிகும்போது ஒழுங்காகக் கம்பி கட்டிய பீம் தொய்ந்து, வெடிப்பு விட்டு, நாள் கணக்கில் எச்சரிக்கும். பஞ்சிங் அப்படியல்ல, நொடியில் முடிந்துவிடும். அதன் முதல் வெடிப்புகளும் பெரும்பாலும் சிலாபின் மேற்புறத்தில் தூணைச் சுற்றியே தோன்றுவதால், டைல்ஸுக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. கீழிருந்து பார்ப்பவருக்குக் கூரை சுத்தமாகவே தெரியும். ஒரு தூண் துளைத்ததும் அதன் பாரம் பக்கத்துத் தூண்களின் கழுத்துக்கு ஏறுகிறது. அவையும் வரிசையாகத் துளைக்கத் தொடங்குகின்றன.

தென்கொரியாவின் சியோல் நகரில் சாம்பூங் பல்பொருள் அங்காடி விழுந்தது இப்படித்தான். 1995 ஜூன் 29 அன்று மாலை 6 மணிக்குச் சற்று முன், அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி அரை நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 502 பேர் இறந்தார்கள். ஐந்தாம் தளத்தில் திட்டத்தில் இல்லாத உணவகங்கள் வந்தன. தரையைச் சூடேற்றும் கொரிய முறைக்காகக் கூடுதல் கான்கிரீட் அதன்மேல் ஏறியது. கனமான ஏ.சி. குளிர்விப்பான்களைக் கூரையின் ஒரு புறத்திலிருந்து இன்னொரு புறத்துக்கு இழுத்து நகர்த்தினார்கள். 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய தூண்கள் 60 ஆக இருந்தன. சிலாபின் மேல் கம்பிகளும் உரிய உயரத்துக்குக் கீழே கிடந்தன. அன்று காலையே வெடிப்புகள் பெரிதாகி, மேல் தளத்தின் ஒரு பகுதியை மூடினார்கள். ஆனால் வியாபாரம் நிற்கவில்லை.

இந்தக் குறைகளின் கனத்தை ஒரு எளிய கணக்கால் உணரலாம். நம் ஐ.எஸ். 456 விதிப்படி, மேல் கம்பியின் மையத்திலிருந்து சிலாபின் அடி வரையுள்ள ஆழத்தில் பாதி தூரம் தூணை விட்டுத் தள்ளி, அதைச் சுற்றி வளையம் வரைந்து சோதிக்க வேண்டும். வட்டத் தூணின் விட்டம் 80 செ.மீ., ஆழம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூண் மட்டும் 60 ஆகக் குறைந்தால் பாரம் தாங்கும் பரப்பில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அத்துடன் கம்பியும் 4 செ.மீ. கீழே இறங்கினால், இழப்பு 28 சதவீதம். கான்கிரீட் போடும்போது கம்பி மேல் ஆட்கள் நடந்தாலே அதை மிதித்து இறக்கிவிட முடியும்.

சாம்பூங் பேராசையின் விளைவு, அதற்கு ஃபிளாட் சிலாபைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1981 மார்ச்சில் அமெரிக்காவின் கோக்கோ பீச்சில், கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் குடியிருப்பு கூரைக்குக் கான்கிரீட் போடும்போது விழுந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே வடிவமைப்பில் பஞ்சிங் ஷியர் சோதனையையே செய்யவில்லை. மேல் கம்பியைத் தாங்கும் சேர்களும் குட்டையாக இருந்தன. ஒரு மறதியும் ஓர் அலட்சியமும் போதுமாக இருந்தன. விதிகளில் பாதுகாப்பு உபரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் தூண் சிறுத்தது, கம்பி இறங்கியது, பாரம் கூடியது எல்லாம் அந்த ஒரே உபரியைத்தான் தின்கின்றன.

அப்படியானால் பீமுக்கே திரும்பிவிடலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பீமின் ஆழம் மிச்சமாவதால் தளத்தின் உயரம் குறைகிறது, சென்ட்ரிங் வேலை எளிதாகிறது, ஏ.சி. குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் தடையின்றி ஓடுகின்றன. இவை உண்மையான லாபங்கள். ஆபத்துக்கு மருந்தும் தெரிந்ததுதான். தூணைச் சுற்றிச் சிலாபைத் தடிப்பாக்கும் டிராப் பேனல் வைக்கலாம். பஞ்சிங்கைத் தாங்கும் கம்பிகள் சேர்க்கலாம். சிலாபின் அடிக் கம்பிகளைத் தூணின் ஊடே தொடர்ச்சியாக ஓடவிட்டால், துளைத்த பிறகும் சிலாப் அவற்றில் தொங்கி நிற்க வாய்ப்புண்டு. இதற்குச் செலவு மிகக் குறைவு. நில அதிர்ச்சியில் பக்கவாட்டு அசைவு கழுத்தை மேலும் நெரிக்கும். 1985இல் மெக்சிகோ நகரில் இத்தகைய தளங்கள் பல விழுந்தன. அதனால் அந்த விசையைத் தாங்கக் கான்கிரீட் சுவர்கள் கட்டாயம் வேண்டும்.

இவையெல்லாம் பொறியாளரின் பொறுப்பு. மீதி, கட்டடத்தில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது. கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தூணை ஒட்டிக் குழாய்க்காகத் துளை போட வந்தால் தடுத்து நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டியையோ ஜெனரேட்டரையோ இடம் மாற்றுவதற்கு முன், மண் கொட்டித் தோட்டம் போடுவதற்கு முன், ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெறுங்கள். தூணைச் சுற்றித் தரையில் வளையமாக வெடிப்பு கண்டால், பூச்சு வேலைக்கு ஆள் தேடாமல் முதலில் எல்லோரையும் வெளியேற்றுங்கள்.