விழுந்த பிறகுதான் விஷயம்
டிஸ்க் கோல்ஃபில் கூடையை நெருங்க எந்த வட்டு? விடை கடைப் பட்டியலில் இல்லை. பொம்மசந்திராவின் காற்றிலும் செம்மண்ணிலும் இருக்கிறது

2021 ஜூன் 26. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் நகரம். டிஸ்க் கோல்ஃப் உலக சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கட்டம். ஜேம்ஸ் கான்ராட் ஒரே ஒரு வீச்சு பின்தங்கியிருந்தார். முன்னிலையில் இருந்தவர் அதற்குள் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றிருந்த பால் மெக்பெத். கான்ராடுக்கும் கூடைக்கும் இடையே 247 அடி, அதாவது 75 மீட்டர். அங்கிருந்து நேராகக் கூடைக்குள் போட்டால்தான் ஆட்டம் உயிரோடு இருக்கும். போட்டார். சங்கிலிகள் குலுங்கின, கூட்டம் கத்தித் தீர்த்தது. சமநிலையை முறிக்க நடந்த கூடுதல் ஆட்டத்தின் முதல் கூடையிலேயே பட்டமும் அவருடையதானது.

அந்த வீச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. கான்ராட் கையில் இருந்தது தூரம் போவதற்கென்றே கூர்மையாக வடிவமைக்கப்பட்ட வட்டு அல்ல. என்வி என்ற பெயருள்ள புட்டர். கூடையருகே நின்று மெல்ல எறிவதற்கென்று விற்கப்படும் மொத்தை விளிம்பு ரகம்.

(புட்டரா, பட்டரா என்று கேட்பவர்களுக்கு: ஆங்கில உச்சரிப்புப்படி பட்டர்தான் நெருக்கம். ஆனால் அப்படி எழுதினால் வாசகருக்குக் கோயில் குருக்களோ ரொட்டியில் தடவும் வெண்ணெயோ நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்தில் அது புட்டராகவே இருக்கட்டும்.)

ஆட்டம் எளிது. கோல்ஃபில் பந்தைக் குச்சியால் அடித்துக் குழியில் தள்ளுகிறார்கள். இங்கே வட்டைக் கையால் வீசிக் கூடையில் போடுகிறார்கள். குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வெற்றி பெறுகிறார். ஃப்ரிஸ்பீயைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக், 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். மறு ஆண்டே தொழில்முறை சங்கம் பிறந்தது. சங்கிலி தொங்கும் கூடையும் அவர் கைவண்ணம். அதற்கு முன்பு மரமும் விளக்குக் கம்பமும்தான் இலக்கு. 2002-ல் இறந்த ஹெட்ரிக்கின் அஸ்தியைக்கூட அவர் விருப்பப்படி பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். ஆட்டக்காரர்களின் பித்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் வரும் பொம்மசந்திராவுக்கு இதில் என்ன வேலை? இரண்டு விதத்தில் உண்டு. பெங்களூரிலும் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையிலும் அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆடிப் பழகிய இளைஞர்கள் பலர். அவர்களில் யாராவது இந்தத் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து, அணி கூட்ட ஆள் கிடைக்காமல் தனியாக ஆட நினைத்தால் டிஸ்க் கோல்ஃப்தான் பக்கத்து வீடு. இரண்டாவது காரணம், பிளாஸ்டிக் வார்ப்பு. அதற்குப் பிறகு வரலாம்.

175 கிராம், ஆனால் வேறு பிராணி

அல்டிமேட் வட்டின் எடை 175 கிராம், விட்டம் 27 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். டிஸ்க் கோல்ஃப் புட்டரும் ஏறக்குறைய அதே எடைதான். விட்டமோ 21 சென்டிமீட்டர் சொச்சம். சங்க விதிப்படி ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை கூடாது. 21 சென்டிமீட்டருக்குக் குறையவும் கூடாது. அதே எடை சிறிய பரப்பில் அடங்குவதால் காற்றை அறுத்துக்கொண்டு போகும், பட்டால் நன்றாக வலிக்கும். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் இருக்கும்போது வீசக் கூடாது என்பதை எந்த விதிப் புத்தகமும் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வருபவர் செய்யும் முதல் தப்பு, தூரம் போகும் வட்டை வாங்குவது. 1983-ல் இன்னோவாவின் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் சீவிய ஈகிள் வட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து தூரத்துக்கான போட்டி ஓயவில்லை. அந்தக் கூர்விளிம்பு வட்டுகள் பழகாத கையில் தூரமும் போகாது, நேராகவும் போகாது. இடப்பக்கம் சரிந்து புதரில் விழும். அமெரிக்கக் கடையில் ஒரு வட்டு 10 முதல் 20 டாலர். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து இங்கே வரும்போது, புதரில் தொலைத்துவிட்டுச் சிரித்துக்கொள்ளும் விலை அல்ல அது. ஒரே ஒரு புட்டரை வைத்துக்கொண்டு முழு ஆட்டமும் ஆடலாம். முதல் சில மாதங்களுக்கு அதுவே மேல்.

ஆட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் 20 முதல் 70 மீட்டருக்குள். கான்ராட் மாதிரி அங்கிருந்து கூடைக்குள் போடுவது வாழ்நாளில் ஓரிரு முறை நடக்கலாம். மற்ற நாளெல்லாம் வேலை வேறு: அடுத்த வீச்சு சுலபமாக இருக்கும்படி கூடைக்கு நாலைந்து மீட்டருக்குள் வட்டைக் கிடத்துவது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு தூரம் பறக்கும் என்பதல்ல. விழுந்த பிறகு என்ன செய்யும்?

வட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, ஆரம்பத் திருப்பம், கடைசிச் சாய்வு. வலக்கைக்காரர் கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து வீசினால், வேகம் குறையும்போது வட்டு இடப்பக்கம் சாயும். நான்காவது எண் பெரிதானால் அந்தச் சாய்வும் பெரிது. இவை தயாரிப்பாளர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்கள். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் 3, இன்னொன்றின் 2 ஆக இருக்கலாம்.

எண்களை ஒதுக்கிவிட்டு நடத்தையைப் பார்ப்போம். இன்னோவாவின் ஏவியார் (2, 3, 0, 1) இந்த ரகத்தின் மூத்த அண்ணன். நேராகப் போய், கடைசியில் லேசாக இடப்பக்கம் ஒதுங்கித் தட்டையாக உட்காரும். டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் (2, 4, 0, 1) அதே குணம், மிதப்பு கொஞ்சம் கூட. அந்தக் கூடுதல் மிதப்பு 60 மீட்டரில் உதவும். 25 மீட்டரில் கூடையைத் தாண்டிப் போய்ப் பல்லைக் காட்டும். டிஸ்கிராஃப்டின் ஜோன் (4, 3, 0, 3) தட்டையான உடல், வேகமானது, இடப்பக்கம் உறுதியாக மடங்கும். எதிர்காற்றில் நம்பலாம், பக்கவாட்டுக் கையால் வீசுபவர்களுக்குச் செல்லம். ஸ்வீடனின் காஸ்டாபிளாஸ்ட் தயாரிக்கும் பெர்க் (1, 1, 0, 2) ஒரு விசித்திரம்: பலமாக வீசினாலும் போகாது, தொப்பென்று விழும். தூரம் போகாததற்காகவே காசு கொடுத்து வாங்கப்படும் வட்டு அது!

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மண் முடிவு செய்கிறது. புல் அடர்ந்த அமெரிக்கப் பூங்காவில் ஜோன் சாய்ந்து இறங்கி அங்கேயே நிற்கும். மழையில்லாத மாதங்களில் கல்லாக இறுகிவிடும் செம்மண்ணில் அதே சாய்வு வேறு கதை. விளிம்பு தரையைத் தொட்டதும் இடப்பக்கம் வழுக்கும். கோணம் கொஞ்சம் கூடினால் எழுந்து நின்று, சக்கரம் மாதிரி உருண்டு ஓடும். நாலு மீட்டரில் கிடக்க வேண்டியது பதினைந்து மீட்டரில் கிடக்கும். அதனால் இறுகிய தரைக்கு முதல் வட்டாக ஏவியார் போன்ற சாதுவும், இரண்டாவதாக பெர்க் போன்ற சோம்பேறியும் பொருத்தம். மெத்தென்ற பிளாஸ்டிக்கில் கிடைத்தால் இன்னும் நல்லது. தரையைப் பிடித்துக்கொள்ளும், வியர்த்த கைக்கும் பிடி தரும்.

ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கணக்கு மாறும். பெங்களூரில் மேற்கிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று இழுத்து அடிக்கும் மாதங்கள் அவை. எதிர்காற்றில் வட்டுக்குத் தன் வேகத்தோடு காற்றின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. சாதுவான வட்டு தூக்கியடிக்கப்பட்டு வலப்பக்கம் புரளும். அப்போது ஜோன் வகையின் பிடிவாதம் கைகொடுக்கும். மழை கண்ட மண் இளகியிருந்தால் வழுக்கலும் குறையும். பின்காற்றில் நேர்மாறு: மிதப்பு செத்து, வட்டு சீக்கிரமே இடப்பக்கம் இறங்கிவிடும். பின்காற்றை வரம் என்று நினைத்து வீசுபவர்கள் கூடைக்கு முன்பே வட்டைப் பொறுக்கப் போவது இதனால்தான்.

உயரமும் ஒரு கை பார்க்கிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சில சதவீதம் குறைவு. மெல்லிய காற்றில் வட்டு மிதப்பது குறையும், இடப்பக்கச் சாய்வு சற்றுக் கூடும். பெசன்ட் நகரில் நூல் பிடித்த மாதிரி போன வட்டு இங்கே கொஞ்சம் முரண்டு பிடித்தால், குறை கையில் இல்லை. கான்ராட் வீசிய ஆக்டன் இன்னும் உயரம், சுமார் 1,300 மீட்டர்.

மோல்டு ஆப்பரேட்டருக்குத் தெரியும்

டிஸ்க் கோல்ஃப் ஆடுபவர்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே பெயர், ஒரே எடை, ஒரே அச்சு. ஆனால் போன வருடம் வாங்கியது நேராகப் பறந்தது, இந்த வருடம் வாங்கியது இடப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. ஏன்? ஏதோ மர்மம் போல இதைப் பேசுகிறார்கள். பொம்மசந்திராவில் இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரத்தின் முன் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இதில் மர்மம் எதுவும் கிடையாது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து வந்து, ஓசூரில் குடியிருந்து, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டித் தினமும் வேலைக்கு வரும் எந்த ஆப்பரேட்டரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்: ஷ்ரிங்கேஜ்.

உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் அழுத்தத்தோடு புகுந்து, குளிரும்போது சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கும் என்பது பொருளின் கலவை, உருகிய வெப்பம், அழுத்திப் பிடிக்கும் நேரம், கூலிங் டைம் எல்லாவற்றையும் பொறுத்தது. நிறத்துக்காகச் சேர்க்கும் சாயம்கூட அதை மாற்றும். சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டால் பாகம் கோணிக்கொள்ளும். பக்கெட் மூடியாக இருந்தால் அரை மில்லிமீட்டர் மாற்றம் யாருக்கும் தெரியாது. மூடி மூடிக்கொண்டால் போதும். வட்டில் அது பறத்தலையே மாற்றிவிடுகிறது. மேற்புறம் குவிந்து மேடாக வந்த வட்டு அதிகம் மிதக்கும். தட்டையாக வந்தது சீக்கிரம் இறங்கும். அச்சின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் லைன் விளிம்பில் மேலே இருந்தால் வட்டு இடப்பக்கம் பிடிவாதம் காட்டும். கீழே இருந்தால் சாது.

ஆகவே, வட்டு வாங்கும்போது பெயரைப் பார்ப்பதைவிட மேசைமேல் கவிழ்த்து வைத்துக் கண்மட்டத்தில் பார்ப்பது புத்திசாலித்தனம். மேடா, தட்டையா? விளிம்பின் அடியில் மணி போன்ற வரம்பு தடவினால் தட்டுப்படுகிறதா? கட்டைவிரலுக்கு உறுத்துகிறதா? உறுத்தினால் எவ்வளவு பேர்பெற்ற வட்டானாலும் வேண்டாம். இணையத்தில் வாங்கினால் இந்த வசதி இல்லை. அச்சமயம் குறைந்தபட்சம் எடையும் பிளாஸ்டிக் ரகமும் கேட்டு வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் ரகம் சும்மா விலைப் பாகுபாடு அல்ல. மலிவு ரகம் கைக்குப் பிடிமானம். ஆனால் செம்மண்ணிலும் சரளையிலும் தேய்ந்து விளிம்பில் பிசிறு கிளம்பும். தேயத் தேய இடப்பக்கச் சாய்வு குறைந்து, நேராகப் பறக்கத் தொடங்கும். விலையுயர்ந்த ரகம் வருடக்கணக்கில் குணம் மாறாது. மழை ஈரத்தில் சிலது வழுக்கும். தேய்ந்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரே ஏவியாரில் புதியது ஒன்று, ஆறு மாதம் அடிபட்டது ஒன்று என்று வைத்திருப்பவருக்கு இரண்டு வேறு வட்டுகள் இருப்பதாகவே அர்த்தம். செலவில்லாமல் கிடைத்த இரண்டாவது வட்டு.

ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மைதானம் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். வேலை நாளில் விடியற்காலை கிடைக்கும். கூடை இல்லாவிட்டால் ஒரு கல். முப்பது மீட்டர் தள்ளி நின்று ஒவ்வொரு வட்டையும் ஐந்து முறை வீச வேண்டும். ஒரே நாளில், ஒரே காற்றில், வட்டுகளை மாற்றி மாற்றி. ஒன்றையே தொடர்ந்து வீசினால் கை பழகிப்போய் இரண்டாவது வட்டுக்குச் சலுகை கிடைத்துவிடும். குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு தூரங்கள்: முதலில் தரையைத் தொட்ட இடத்திலிருந்து கல்வரை எத்தனை அடி, கடைசியில் நின்ற இடத்திலிருந்து எத்தனை அடி. பலரும் முதலாவதைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். ஐந்தில் ஒன்று கல்லை ஒட்டி விழுந்து, மற்ற நான்கும் திசைக்கு ஒன்றாக ஓடியிருந்தால் அந்த வட்டு அலமாரிக்குப் போக வேண்டியதுதான். ஐந்தும் ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் சோர்ந்து கிடந்தால் அதுவே பைக்குள் போக வேண்டிய புட்டர், அதன் பெயர் எதுவானாலும்.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே ஐந்து வீச்சு, எதிர்காற்றில். முடிவை மார்க்கர் பேனாவால் வட்டின் அடியிலேயே எழுதிவைக்கலாம், தேதியும் சேர்த்து. மழைக்குப் பின் மண் மாறும்போது பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண் வரும்.