மாவிலையில் ஒட்டிய கரி

தை மாதம், மா பூத்திருக்கும் நேரம். காற்றே இல்லாத மத்தியானத்தில் மரத்தடியில் நின்றால் சில சமயம் தூறல் விழுவதுபோல 'சடசட'வென்று சத்தம் கேட்கும். ஒரு கிளையை உலுக்கினால் கோதுமை மணியைவிடச் சிறிய பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி முகத்தில் வந்து மோதும். கீழ் இலைகளைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். நாளடைவில் அந்த இலைகளெல்லாம் அடுப்புக்கரியை இடித்துத் தூவியதுபோல் கறுத்துப்போகும்.

எங்கள் கொல்லை மரம் முதன்முதலாக அப்படிக் கறுத்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "மரத்துக்கு என்னவோ சீக்கு வந்திருக்கு தம்பி, மருந்து வாங்கி அடி" என்றார். கடைக்காரர் கொடுத்த பூசணக்கொல்லியை வாங்கி இரண்டு முறை அடித்தேன். கறுப்பு போகவில்லை. பிறகு ஒருநாள் ஈரத்துணியால் ஓர் இலையை அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். துணி கரியானது, அடியில் இலை பளபளவென்று பச்சையாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

இதற்குக் கரும்பூசணம் என்று பெயர். மாமரத்தில் பெரும்பாலும் கேப்னோடியம் வகைப் பூசணம். இது இலைக்குள் வேர்விடுவதில்லை, இலையின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. மேலே சிந்திக்கிடக்கும் சர்க்கரையைத் தின்று, மேலேயே படர்கிறது. சுள்ளென்ற வெயிலில் வாழவேண்டியிருப்பதால் மெலனின் என்ற நிறமியைப் போர்த்திக்கொள்கிறது. நம் முடிக்குக் கறுப்பு தருவதும் மெலனின்தான். ஆனால் படலம் தடித்துவிட்டால் இலைக்கு வெளிச்சம் எட்டாது. உணவு சமைப்பது குறையும். காயின் தோலில் படிந்தால் சந்தையில் விலை விழும்.

அப்படியானால் இலைமேல் சர்க்கரை எங்கிருந்து வந்தது? முகத்தில் மோதிய தத்துப்பூச்சிகளிடமிருந்துதான். இலை சமைத்த சர்க்கரையை மரம் முழுக்கக் கொண்டுபோகும் ஃபுளோயம் குழாய்களில் இவை ஊசிபோன்ற வாயைச் செருகுகின்றன. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், உடல் வளர்க்கும் அமினோ அமிலங்களோ மிகக் கொஞ்சம். தேவையான அளவு அமினோ அமிலம் கிடைக்க, பூச்சி குடம் குடமாகக் குடித்தாக வேண்டும். மிஞ்சிய சர்க்கரையையும் தண்ணீரையும் பின்வழியாகத் துளித்துளியாகச் சொட்டிவிடுகிறது. கீழ் இலையில் நாம் தொட்ட பிசுபிசுப்பு அதுதான். காற்றில் மிதக்கும் பூசண வித்துகள் அதில் வந்து ஒட்டி முளைக்கின்றன.

ஆக, மரத்தின் உண்மையான இழப்பு கறுப்பு தெரிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தத்துப்பூச்சி பூங்கொத்தின் காம்பிலேயே முட்டையிடுகிறது. இளம்பூச்சிகள் சாற்றை உறிஞ்ச, பூவும் பிஞ்சும் கருகி உதிர்கின்றன. பூசணக்கொல்லி இதில் என்ன செய்யமுடியும்? பூசணம் செத்தாலும் படலம் உதிராது. இனிப்பு சொட்டும்வரை புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும்.

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இதே வேலையைச் செய்பவைதான். அங்கே எறும்புகளும் கூட்டுச்சேரும். இனிப்புக்காக அந்தப் பூச்சிகளைக் காவல் காத்து, அவற்றைத் தின்னவரும் பொறிவண்டுகளைத் துரத்திவிடும். தண்டில் எறும்புச்சாரை ஏறுவதைக் கண்டால் அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பூச்சிக்கூட்டத்திடமே கொண்டுபோய் நிறுத்தும்.

தென்னையில் இந்தக் கதையைப் பொள்ளாச்சி விவசாயிகள் 2016-இல் பெரிய அளவில் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சுருள் வெள்ளை ஈ ஓலையின் அடியில் குடியேற, கீழ் ஓலைகளும் ஊடுபயிர்களும் கரியாகின. அங்கே கைகொடுத்தது என்கார்சியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி. விஷமருந்தை அள்ளித் தெளித்த தோப்பில் அதுவும் சேர்ந்து மடியும். கரும்பூசணத்தையே மேய்ந்து ஓலையைச் சுத்தமாக்கும் ஒரு வண்டையும் ஆய்வாளர்கள் கேரளத்தில் கண்டார்கள். லியோகிரைனஸ் நீலகிரியானஸ் என்ற அதன் பெயரில் நம் நீலகிரி இருக்கிறது.

மாமரத்துக்கு வருவோம். ஏற்கெனவே படிந்த கரியை உதிர்க்க வேளாண் துறையினர் சொல்லும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: மைதாக் கஞ்சி. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி வடிகட்டித் தெளிக்கவேண்டும். நல்ல வெயில் நாளாகப் பார்ப்பது முக்கியம். மேகமூட்டத்தில் தெளித்துப் பயனில்லை. கஞ்சி காய்ந்து மெல்லிய ஏடாகும்போது கரியும் அதோடு ஒட்டிக்கொள்ளும். காற்றடிக்க அடிக்க இரண்டும் சேர்ந்து உரிந்து விழும்.

பூச்சிக்கான வேலை இதற்கு முன்பே தொடங்கவேண்டும். பூக்காத மாதங்களில் தத்துப்பூச்சி பட்டை வெடிப்புகளில் ஒளிந்திருக்கும். நெருக்கமான, நிழல் கட்டிய மரம் அதற்கு அரண்மனை. அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில் காய்ந்த கிளைகளையும் குறுக்கே ஓடும் கிளைகளையும் வெட்டி, உள்ளே வெயில் விழச்செய்தால் பாதிச் சுமை குறையும். பூங்கொத்து தலைகாட்டும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம். முழுப்பூ விரிந்திருக்கும்போது மட்டும் விஷமருந்து வேண்டவே வேண்டாம். மாம்பூவுக்கு மகரந்தம் கடத்துபவை பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களும். அவை செத்தால் காய்ப்பு எங்கிருந்து வரும்?

கஞ்சி தெளித்த மூன்றாம் நாள் காலையில் பெரியம்மா வாசல் பெருக்க வந்தார். எங்கள் மரத்தடியிலிருந்து காற்றில் பறந்துவந்த கறுப்புச் செதில்கள் அவர் கோலத்தின்மேல் கிடந்தன. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தவர், தலையைத் தூக்கி இலைகளைப் பார்த்தார். "எங்க மரத்துக்கும் கொஞ்சம் காய்ச்சிக் குடு தம்பி" என்றார்.